மூன்று வாரக் குத்து

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வான்மதி வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாத மங்கா சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. எதிரே டிவி அதன் கதையையே எடுத்து அனிமே கார்ட்டூன் தொடராக ஓட்ட, புத்தகத்துக்கு வயிறு எரிந்தது.

“ஏன்டா தம்பி, என் வீரன் ஒரே படக்கட்டத்துல விட்ட குத்தை மூணு வாரமா காட்டுறியே, அவனுக்குக் கை வலிக்காதா?”

“என்ன பண்றதுண்ணே? உங்க அடுத்த பாகம் இன்னும் வரலை. வில்லன் விழுந்துட்டா அப்புறம் நான் எதைக் காட்டுறது?”

“இருடா. வான்மதி ஒருதடவை என்னைப் பிரிக்கட்டும், உன் குட்டு வெளிப்பட்டுடும்.”

மறுநாளே வான்மதி பிரித்தாள். குத்து விழுந்தது, வில்லன் சாய்ந்தான், பக்கம் முடிந்தது.

“சே! டிவியைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்கான், அதையும் ஒழுங்கா அடிக்கலை,” என்று மூடிவிட்டாள்.

புத்தகம் இன்னும் விசும்புகிறது. நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்.