கேஷியர் கார் ஏசி

"இன்னைக்கு நான் விடறதா இல்ல சார். லெஃப்ட்ல திருப்புங்க. எனக்குத் தெரிஞ்ச ஏசி மெக்கானிக் ஒருத்தர் இருக்கார்."

சூப்பர்வைசர் சொன்ன வேகத்தில், ஓட்டிக்கொண்டிருந்த கேஷியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதுக்கு சார் வீண் அலைச்சல்? வண்டிக்குப் பதினாறு வயசாச்சு. ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டு வருது."

"காத்தா அது? அனல்! வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வெந்துடறோம். என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

பின் சீட்டில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா சட்டென்று வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

மூவருக்கும் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு. போக வர கேஷியரின் இந்தக் கார்தான்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"கேஸ் குறையல."

பெல்ட்டை அழுத்தினார்.

"இதுவும் சரியாத்தான் இருக்கு. ஆனா கம்ப்ரஸருக்குக் கரண்டே வரலையே..."

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தவர் சிரித்துவிட்டார்.

"ஃபியூஸே இல்ல சார்!"

"எரிஞ்சு போச்சா?"

"எரிஞ்சிருந்தா கருகிப்போய் இங்கேயே இருக்குமே. இதை யாரோ பக்குவமா கழட்டியிருக்காங்க."

சூப்பர்வைசர் மெல்லத் திரும்பினார். கேஷியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்... நீங்களா?"

"அது வந்து... எனக்கு ஏசி அவ்வளவா ஒத்துக்காது."

"ஒத்துக்காதா, பெட்ரோல் நிறையக் குடிக்கும்னா? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா சார்! நாளைக்கு ஆபீஸ் பூரா இதுதான் பேச்சு, பாருங்க!"

சூப்பர்வைசருக்குத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

புது ஃபியூஸைச் சொருகிவிட்டு மெக்கானிக்கே ஸ்டியரிங் பிடித்தார். "ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாம்."

கேஷியர் பின் சீட்டுக்குப் போனார். நாலு கண்ணாடியும் ஏறின. ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

"அடடா, இது வண்டி!" சூப்பர்வைசர் வழக்கம்போல ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

இரண்டு தெரு தாண்டவில்லை. மெக்கானிக் மூக்கைச் சுளித்தார்.

"ஏசிக்குள்ள எலி செத்துக் கிடக்குது போலிருக்கே..."

"பார்த்தீங்களா, வண்டியை வெச்சிருக்கற லட்சணத்தை!" என்றார் சூப்பர்வைசர், பின்னால் திரும்பி.

ஓரமாக நிறுத்தி, டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஃபில்டரை உருவினார் மெக்கானிக். சுத்தம். டார்ச் அடித்து உள்ளே தேடினார். எலி வால்கூட இல்லை.

"விடுங்க தம்பி, எனக்கு ஒரு வாடையும் தெரியலையே" என்றார் கேஷியர் அவசரமாக. பக்கத்தில் டைப்பிஸ்ட் அம்மா கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார்.

மெக்கானிக் விடுவதாக இல்லை. சுற்றி வந்து சூப்பர்வைசர் பக்கக் கதவைத் திறந்தார். குனிந்து மோந்துகொண்டே வந்தார். சீட்டுக்கடி. மிதியடி. சூப்பர்வைசரின் சாக்ஸ்...

விருட்டென்று நிமிர்ந்தார்!

அவர் வாயைத் திறப்பதற்குள், பின் சீட்டிலிருந்து கேஷியர் 'வேண்டாம், வேண்டாம்' என்று கையை ஆட்டினார். அது சூப்பர்வைசருக்கு முன்னாலிருந்த ரியர்வியூ கண்ணாடியில் தெரிந்துவிட்டது.

அவ்வளவு குளிரிலும் அவருக்குக் காது மடல் கொதித்தது. சத்தமில்லாமல் ஷூவை மாட்டிக்கொண்டார். தன் கையாலேயே ஜன்னலை இறக்கினார்.



"சார்..." சூப்பர்வைசர் பின்னால் திரும்பாமலே கேட்டார். "அந்த ஃபியூஸை எப்போ கழட்டினீங்க?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? காத்து நல்லா வருதுல்ல?" என்று மழுப்பினார் கேஷியர்.

அதற்குமேல் டைப்பிஸ்ட் அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுவரைக்கும் ஏசி ஜோரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நீங்க எங்களோட வர ஆரம்பிச்சீங்களே, அதுக்கு மறுநாள்தான் கேஷியர் சார் கழட்டினார்!"