கிழவிக்கு எட்டுத் திருத்தங்கள்

"கெழவிக்கு மூக்குல மரு இருக்கக் கூடாதாம்."

காதிலிருந்து போனை எடுக்காமலே கணவனிடம் சொன்னாள் லோஷினி. ரூபேந்திரனுக்குச் சுருக்கென்றது.

"மரு அவங்கள என்னா பண்ணுச்சு? சீனாவுல யாருக்கும் மரு வர்றதில்லியா?"

"என்னையக் கேட்டா? அந்த ஆளு சொல்றாரு, நான் சொல்றேன். எழுதிக்குங்க. தோட்டத்து வேலியில மண்டையோடு தொங்குதுல்ல, அதுவும் ஆகாதாம்."

"அது தெரிஞ்சதுதான். அங்க மண்டையோடெல்லாம் விட மாட்டாங்க. மருவைத்தான் என்னால தாங்க முடியல."

சிங்கப்பூர் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, ஸ்கூடாய் வீட்டு மாடியறையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து அவன் செய்த கைப்பேசி விளையாட்டு 'அன்னாசித் திருடன்'. அன்னாசித் தோட்டத்துக்குள் திருடன் நுழைவான். காவல் காக்கும் கிழவி சாரோங்கை வரிந்து கட்டிக்கொண்டு, பாராங் கத்தியோடு, "எவன்டா அவன்?" என்று விரட்டுவாள். பார்த்தவர்களெல்லாம் ஒரு அடி பின்வாங்குவார்கள். யாரைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்டால், "சும்மா, கற்பனைலா" என்று மழுப்பிவிடுவான்.

உள்ளூரில் அதைச் சீண்ட ஆளில்லை. கடைசியில் சீனாவில் ஒரு கம்பெனியின் கண்ணில் பட்டது. வெளிநாட்டு விளையாட்டை அங்கே நேராகக் கொண்டுபோய் இறக்கிவிட முடியாது. அந்த ஊர்க் கம்பெனிதான் தங்கள் ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லி, அரசாங்க அனுமதி வாங்கி வெளியிட வேண்டும். ஆகவே அவர்கள் சொல்வதுதான் வேதவாக்கு. அந்த வேதவாக்கு சீனத்தில், குரல் செய்தியாக வந்து விழும். ரூபேந்திரனுக்குச் சீனத்தில் கோப்பி ஆர்டர் பண்ண மட்டும்தான் வரும். நல்லவேளை, லோஷினி சீனப் பள்ளியில் படித்தவள்.

இதுவும் கைநழுவினால், மறுபடி விடியற்காலையில் எழுந்து, மோட்டார் சைக்கிளோடு சிங்கப்பூர் பாலத்து நெரிசலில் நிற்க வேண்டியதுதான். நினைத்தாலே அவனுக்கு இடுப்பு வலித்தது.

"அப்பறம், பல்லுல வெத்தலைக் கறை வேணாமாம். கெழவி கத்தவே கூடாதாம். சாந்தமாப் பேசணுமாம்."

"சாந்தமாப் பேசுனா திருடன் எதுக்கு ஓடுவான்?"

"ஓடக் கூடாதாம். கிட்டப் போயி கால்ல விழணுமாம்."

"அலமாக்! திருடனா?"

"அவங்க ஊர்ல பெரியவங்களுக்கு மரியாதை முக்கியங்க. ஆறு வருசம் அவங்க ஸ்கூல்ல படிச்சவ, எனக்குத் தெரியாதா? கெழவி வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி, மூட்டையத் தூக்கிக் குடுத்தாத்தான் அன்னாசியாம்."

"அவரு பேசுனதே மூனு நிமிசம். அதுக்குள்ள இவ்வளவு சொன்னாரா?"

"சீனம் சுருக்கமான பாசைங்க."

சந்தேகம் தீராமல், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்தக் குரல் செய்தியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டான். 'உங்கள் பாட்டி தங்க நெருப்பு' என்று வந்தது. கிழவியைக் கொளுத்தவும் சொல்கிறார்களோ என்று பயந்து மூடிவைத்துவிட்டான்.

ஒன்றரை மாதம் முதுகு ஒடிய வேலை. மண்டையோடு போனது. கிழவிக்குச் சொன்ன எட்டுத் திருத்தங்களும் முடிந்தபோது, காலண்டர் மகாலட்சுமி மாதிரி ஒரு அம்மாள் அன்னாசித் தோட்டத்தில் புன்னகைத்துக்கொண்டு நின்றாள். திருடன் ஈரக் கையோடு அவள் காலில் கிடந்தான். ரூபேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. லோஷினிதான், "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு" என்று தேற்றினாள்.

புதிய விளையாட்டை அனுப்பிய மறுவாரமே, நேரில் பேச ஆள் வருவதாகச் சேதி வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல்.

"நீங்க மொதல்ல போங்க. நான் காரை நிறுத்திட்டு வர்றேன்," என்று அவனை வாசலில் இறக்கிவிட்டாள் லோஷினி. "நான் வர்ற வரைக்கும் வாயத் தெறக்காதீங்க."

உள்ளே, ஷூ என்ற இளம்பெண் கைகூப்பாத குறையாக எழுந்து நின்று, "சிலாக்கான் டுடோக்" என்றாள். உட்காருங்கள் என்று, அதுவும் சுத்தமான மலாயில்!

"மலாய் பேசுவீங்களா?" என்றான், வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து.

"எங்க ஊர் யுனிவர்சிட்டியில் நாலு வருஷம் படித்தேன்," என்று மலாயிலேயே சொன்னவள், முகம் வாடத் திரையைக் காட்டினாள். "மண்டையோட்டை எடுத்துவிட்டீர்கள், நன்றி. பாட்டி எங்கே?"

"இவங்கதான் பாட்டி."

"இவர்களா?"

"நீங்க சொன்ன ஒன்பது திருத்தத்தையும் ஒன்னு விடாம செஞ்சிட்டேனே!"

"ஒன்பதா? நாங்கள் கேட்டது மண்டையோடு ஒன்றைத்தான். மீதி நேரம் முழுவதும் எங்கள் மேலாளர் அந்தப் பாட்டியைப் புகழ்ந்தார். அந்தப் பாட்டிக்காகத்தான் இந்த விளையாட்டையே எடுத்தோம். பழைய பாட்டி திரும்பி வந்தால் இன்றைக்கே கையெழுத்து."

பழைய கிழவி கணினியில் பத்திரமாக இருந்தாள். ரூபேந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்த லோஷினியை வழியிலேயே மறித்தான்.

"மண்டையோட்டை மட்டுந்தான் எடுக்கச் சொன்னாங்களாம். மத்த எட்டும் யாரு சொன்னது?"

லோஷினி அந்தப் பெண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கொஞ்சமும் அசரவில்லை.

"நான்தான் சொன்னேன். மூக்குல மரு, பல்லுல வெத்தலைக் கறை, வாசல்ல கால் வச்சதும் 'எவன்டா அவன்'னு அதே கத்தல். எங்கம்மாவ எனக்கு அடையாளம் தெரியாதுன்னா நெனச்சீங்க?"