குடத்துக்குள் கிடந்தது

மழை பொய்த்த 1938-இல் தூத்துக்குடிக்குச் சங்கு குளிக்கப் போன இருவரில் சென்னப்பன் மட்டுமே மொரப்பூர் ரயிலில் திரும்பினான். உடன் போன காளியனின் உடலைக்கூடக் கடல் கொடுக்கவில்லை.

அடுத்த ஆடியில், காளியன் மனைவி செல்லியின் பித்தளைக் குடம், கடலுக்கு வெகுதூரத்திலிருந்த அவர்கள் ஊர்க் கிணற்றில் நழுவியது. சென்னப்பன் முங்கி எடுத்தான். உள்ளே, கடற்பாறை இடுக்கில் வாழும் பேய்க்கணவாய் ஒன்று எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு உயிரோடு கிடந்தது.

"தொடாதம்மா. இது எது மேல ஒட்டிக் கெடக்குதோ அந்த நெறத்துக்கு மாறிரும்," என்றான் சென்னப்பன்.

பித்தளையின் மஞ்சள் அதன்மேல் இன்னும் ஏறவில்லை. மனிதத் தோலின் கறுப்பில், பச்சை குத்தியது போல் வாலில்லாத தேள் ஒன்று தெரிந்தது. காளியன் தோளிலும் அதே தேள்தான்; பச்சை குத்தும்போது வலி பொறுக்காமல், வாலை வரையுமுன் எழுந்துவிட்டான்.

செல்லி கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இவ்வளவு நேரம் இது யாரு மேல ஒட்டிக் கெடந்துச்சுங்க?"