சபேட்டோ ரோட்டின் நாற்பது வீடுகள்

எங்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஃபிஜியிலேயே செய்த முதல் சூப்பர் கம்ப்யூட்டர், நாற்பது கணினிகளை ஒன்றாகப் பிணைத்தது. கணினிகளுக்கு இட்ட எண்கள் குழம்பியதால், சபேட்டோ ரோட்டில் ஊழியர்களான எங்கள் வீடுகள் இருக்கும் வரிசையில் அவற்றுக்கு வீட்டுப் பெயர்களை எழுதி ஒட்டினோம். ஏழாவது என் வீடு.

2000 மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்து, எங்களைப் போலவே இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரதமரைச் சிறைவைத்தார்கள். மறுவாரம் உசேன் வீட்டுக் கணினி நின்றுபோனது. கழற்றிப் பார்த்தோம், பழுதே இல்லை. மூன்றாம் நாள் உசேன் குடும்பம் பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறியது. ஆகஸ்டுக்குள் பதினொரு கணினிகள் நின்றன. அந்தப் பதினொரு வீடுகளும் பூட்டிக் கிடந்தன. காலையில் வந்ததும் அவரவர் வீட்டுக் கணினியை மட்டும் பார்த்துக்கொண்டோம்.

இன்று மத்தியானம் என் வீடு நின்றது. நாங்கள் எந்த நாட்டுக்கும் குடியேற விண்ணப்பிக்கவில்லை. உடனே மனைவி மோகினிக்குப் போன் செய்தேன்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சுங்க. பிள்ளைங்களையும் ஸ்கூல்லேருந்து கூட்டியாந்துட்டேன்."

"யார் கட்டச் சொன்னது?"

"காலையில நீங்கதானே போன் பண்ணிச் சொன்னீங்க? உங்க பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வைக்க வேணாம்னீங்களே!"