நாலாயிரம் வீட்டுச் சத்தியம்

போன தேர்தலில் நாலாயிரம் வீடுகள் ஓட்டுப் போடுவதாகப் போனில் சத்தியம் செய்திருந்தும், கவுன்சிலர் பதவிக்கு நின்ற பூங்கோதைக்கு விழுந்தது பத்தொன்பது ஓட்டு. மீதி எங்கே போனதென்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. இந்தத் தடவையும் தோற்றால், வார்டின் குடிதண்ணீரில் சாக்கடை கலப்பது இன்னும் ஐந்து வருஷம் தொடரும்.

வீடு வீடாகப் போன் போட்டு ஓட்டுக் கேட்கும் தன் பிரசார மிஷின் நேற்றுப் பேசியதை, இட்லி மாவு விற்கும் ஜெபமணிக்குப் போட்டுக் காட்டினாள்.

"வணக்கம்மா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க. எங்க ஓட்டு உங்களுக்குத்தான்," என்றது மறுமுனைக் குரல்.

ஜெபமணி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி, இது நான் மாவு குடுக்கற செல்வராணி வீட்டுல போன் எடுக்கற மிஷின்டி! யார் கூப்பிட்டாலும் இதையே சொல்லித்தான் வைக்கும்."

ஆக, இரண்டு மிஷின்கள் நலம் விசாரித்து, நாட்டுக்காகக் கவலைப்பட்டு, சத்தியமும் செய்துகொண்டன. மனிதக் காதில் ஒரு சொல்லும் விழவில்லை.

"அப்போ நானே நேர்ல போறேன், அக்கா."

"வாசல் கேமராவுக்கு உன் மூஞ்சி தெரியாது, கதவு திறக்காது. எனக்குன்னா தானா திறக்கும். பத்து வருஷமா மாவு குடுக்கறேனே!"

"எனக்காகப் போறீங்களா?"

"உனக்காக எதுக்கு? அந்தத் தண்ணியைக் குடிச்சு என் மகளுக்கு ரெண்டு தடவை காமாலை. நான் எனக்காகப் போறேன்."

அன்று மாலையே போனாள். மற்ற தெருக்களுக்குப் பூக்காரரும் தையல்காரரும் கிளம்பினார்கள். தெருவுக்குத் தெரிந்த முகம் ஒன்று வாசலில் நின்றால் கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து மனிதர் வருகிறார், சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்.