முதல் ஆணி

“போட்டோ எடுக்காம உதவித்தொகை கிடையாது,” என்றார் ஊர்க் கல்வி நிதியின் தலைவர். “வருஷா வருஷம் வாங்கின பிள்ளைங்க எல்லாரும் இந்தச் சுவர்ல இருக்காங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

“ஏழை மாணவின்னு எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்க மாட்டேன் சார். அம்மா, வா போகலாம்.”

மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். கல்லூரியில் பணம் கட்ட நாளைதான் கடைசி நாள். ஆனாலும் மகளை அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

“ஐயா, முதல் ஆணியில மட்டும் படத்தைக் காணோமே?”

“அது எப்பவோ உடைஞ்சுபோச்சு. நீ உன் வேலையைப் பாரு.”

“வேலையைப் பார்த்தப்பதான் ஐயா கிடைச்சுது. ஸ்டோர் ரூம் பீரோவுக்குப் பின்னாடி, சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சிருந்தாங்க.”

உள்ளே போய் எடுத்துவந்து, முந்தானையால் தூசியைத் துடைத்து மேஜைமேல் வைத்தாள். கழுத்தில் அட்டையோடு, தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தான் ஒரு ஒல்லிப் பையன். அடியில் தலைவரின் பெயர்.

அம்மா மூலையில் கிடந்த ஏணியை இழுத்துச் சுவரில் சாத்தினாள்.

“சொல்லுங்க ஐயா. இதை மாட்டவா, இல்ல எல்லாத்தையும் கழட்டவா?”