கார்டுக்குக் கிடைத்த அனுமதி

அந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பார்கள் என்று ஞானாதிக்கம் நினைத்திருக்கவில்லை.

மடித்த உறையைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வைத்தியலிங்கத்தின் கையில் கொடுத்தபோது, மனசுக்குள் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார் என்றுதான் இருந்தார்.

வைத்தியலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

மொட்டை மாடியில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில். கடைசி வரிசையில் ஞானாதிக்கம். அவர் காலடியில் கார்டு.

கார்டு, தெருவிலிருந்து வந்த நாய். செம்பட்டை நிறம். ஒரு காது மடிந்தே இருக்கும். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர் தன் நாய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்? ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியோடு நிற்பவரின் பெயர்தான்.

லிஃப்டில் நாய்களை ஏற்றக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டிப் பத்து நாளாகிறது. அவர் வீடு நான்காம் மாடி. முழங்கால் ஒத்துழைக்காது. நாயை எங்காவது விட்டுவிடுங்கள் என்றார்கள். முடியாது என்றார்.

ஏன் முடியாது என்பதற்குத்தான் டாக்டரின் கடிதம்.

"இருபத்தொன்பது வருஷ சர்வீஸ்ல," வைத்தியலிங்கம் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே படித்தார், "இவர் ஓட்டின ரயிலுக்கு முன்னால மூணு பேர் விழுந்து இறந்திருக்காங்க."

நாற்காலிகளின் கிரீச் ஒலி நின்றது.

தூக்கமின்மை. கை நடுக்கம். திடீர் திடீரென்று வரும் பயம். ஒவ்வொன்றாக வெயிலுக்கு வந்தது.

மனைவியிடம்கூட அவர் மூன்று என்று சொன்னதில்லை. ஒன்று என்றுதான் சொல்லியிருந்தார். கண்மூடும் வரை அவள் அப்படித்தான் நம்பினாள்.

வலது கை நடுங்கத் தொடங்கியது.

கார்டு எழுந்தது. தன் உடம்பை அவர் காலோடு சாய்த்து நின்றது. யாரும் அதற்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அதன் கழுத்து ரோமத்துக்குள் விரல்களைப் புதைத்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது.

நிமிர்ந்தார்.

எல்லோரும் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கை தூக்கியவள் இரண்டாம் மாடி வசுமதி.

"பாவம், இருந்துட்டுப் போகட்டும் சார். அவருக்கு அது மருந்து மாதிரிதானே."

பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. மாலைக்குள் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள்.

அதன்பின் கார்டை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வாட்ச்மேன் அதற்கென்று ஒரு தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். பிள்ளைகள் பிஸ்கட்டோடு ஓடி வந்தார்கள். வசுமதி ஒரு நாள் பால்சோறு கொண்டுவந்து வைத்தாள்.

அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் தண்ணீர் லாரி வந்ததா என்றாவது கேட்பார்கள். நாயை ஏன் சார் உள்ளே கொண்டுவர்றீங்க என்று சண்டைக்காவது வருவார்கள். இப்போது அவர் வந்தால் பேச்சு தணிந்துபோகிறது. பிள்ளைகள் கார்டைத் தடவும்போது, தாய்மார்கள் அவருடைய வலது கையைக் கவனிக்கிறார்கள்.

அவர் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. நான்கு மணி இருக்கும். சமையலறைத் தரையின் குளிர்ச்சியில் கார்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

பால் வாங்கத் தனியாகவே இறங்கினார்.

ரோட்டைக் கடந்தார். மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போனது. நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். கையைப் பார்த்தார்.

நடுங்கவில்லை.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் வசுமதி நின்றிருந்தாள். பள்ளிச் சீருடையில் அவள் மகள். கதவு திறந்தது. அவர் உள்ளே போய், மூடிவிடாமல் பட்டனை அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

வசுமதி மகளின் தோளைப் பிடித்து லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க சார். நாங்க அடுத்ததுல வர்றோம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கார்டு இல்லம்மா. வீட்ல தூங்குறான். வாங்க."

"தெரியும் சார்," என்றாள்.

கதவு மூடும் வரை அவள் முகத்தில் அந்தப் பரிவு மாறவே இல்லை.